வாய் நமநமங்குது

கம்பத்தில் கிளம்பிய பஸ் லோயர்கேம்ப் மலைப்பாதையைச் சுற்றிச் சுற்றி ஏறி, குமுளியில் மூச்சு வாங்கி நிற்கும். இறங்கி, கேரள எல்லையைத் தாண்டி, தேக்கடி ரோட்டில் நாலு எட்டு வைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் வாசனை ஆளைப் பிடித்து நிறுத்திவிடும். வரிசையாகச் சிப்ஸ் கடைகள். நான் வழக்கமாக நிற்கும் கடையில் அடுப்பு வாசலிலேயே இருக்கிறது. மாஸ்டர் தோலுரித்த நேந்திரங்காயைக் கொதிக்கும் எண்ணெய்க்கு நேர் மேலே பிடித்துச் சீவுகிறார். வட்டம் வட்டமாக விழுந்து, முங்கி, நுரையோடு மேலே வருகின்றன. கொஞ்ச நேரம் கழித்து, உப்பும் மஞ்சள்தூளும் கரைத்த தண்ணீரில் ஒரு சின்னக் கரண்டி எடுத்து அந்த எண்ணெயிலேயே ஊற்றுகிறார். சட்டி 'ஓ'வென்று இரைகிறது. முதல் தடவை பார்ப்பவர்கள் இரண்டடி பின்னால் போய்விடுவார்கள். நானும் போயிருக்கிறேன்.

அதற்கப்புறம் மாஸ்டர் சட்டியைப் பார்ப்பதே இல்லை. பக்கத்தில் நிற்பவரிடம் ஏலக்காய் விலை பேசுகிறார். போனை எடுத்துப் பார்க்கிறார். திடீரென்று அரிகரண்டியை விட்டு மொத்தத்தையும் அள்ளி மேலே எடுக்கிறார்.

"பாக்காமலே எப்படி மாஸ்டர் பதம் தெரியுது?"

"பாத்துக்கிட்டு நின்னா லேட்டாயிரும் சார். சத்தம் அடங்குச்சுன்னா எடுத்துரணும்."

இந்த ஒரு வரிக்குள் பாதி இயற்பியல் இருக்கிறது. 'கொதிக்கும் எண்ணெய்' என்று மேலே எழுதினேன். அது பேச்சு வழக்கு, உண்மையில் தப்பு. சட்டியில் எண்ணெய் கொதிப்பதே இல்லை. அது 170 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் காய்ந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். கொதிப்பது காய்க்குள் இருக்கும் தண்ணீர். பச்சை நேந்திரங்காயின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். அது ஆவியாகிச் சீவலின் உடம்பெல்லாம் துளை போட்டுக்கொண்டு வெளியே வருவதுதான் அந்த நுரையும் சலசலப்பும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சீவலின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், அதனால் கருகாது. தண்ணீர் தீரத் தீர நுரை குறையும், சத்தம் மெலியும், சீவலின் சூடு கிடுகிடுவென்று ஏறத் தொடங்கும். தண்ணீர் தீர்வதற்கும் சீவல் கருகுவதற்கும் நடுவில் இருப்பது சில விநாடிதான். அந்த விநாடியைக் கண்ணைவிடக் காது சீக்கிரம் பிடித்துவிடுகிறது.

உப்புத் தண்ணீர் விஷயமும் சாமானியமல்ல. பொரித்து எடுத்து, காய்ந்த சிப்ஸின் மேல் உப்பைத் தூவினால் பாதி உப்பு பொட்டலத்தின் அடியில் கிடக்கும். சூடான எண்ணெயில் விழுந்த தண்ணீரோ கண நேரத்தில் 1,600 மடங்குக்கு மேல் பெருத்து ஆவியாகிப் போய்விடுகிறது. தண்ணீர் போனதும் உப்பு பொடிப்பொடியாகச் சீவல்களின் மேல் படிந்துவிடும். மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் நிறமும் சீராக ஏறிவிடும். (வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். சட்டியின் அகலம், எண்ணெயின் மட்டம், கரண்டியின் அளவு எல்லாம் மாஸ்டரின் கைக்குப் பழகிய கணக்கு.)

இன்னொன்று. சிப்ஸ் எண்ணெய் குடிப்பது சட்டிக்குள் இருக்கும்போது என்றுதான் நாம் நினைக்கிறோம். உள்ளேயிருந்து ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெயால் உள்ளே அதிகம் நுழைய முடியாது. வெளியே எடுத்து ஆறத் தொடங்கியதும், துளைகளில் மிச்சமிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்குகிறது; அந்த வெற்றிடம் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. எடுத்த கையோடு மாஸ்டர் அரிகரண்டியை ரெண்டு குலுக்குக் குலுக்குகிறாரே, அந்த நேரத்தில் வடிகிற எண்ணெய்தான் நம் வயிற்றுக்கு மிச்சம். எவ்வளவு குலுக்கினாலும் கடைசியில் சிப்ஸின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து.

இந்த விகிதத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில், வயிறு நிறையச் சாப்பிட்டு முடித்த எலிகளுக்கு முன்னால் உருளைக்கிழங்குச் சிப்ஸை வைத்துப் பார்த்தார்கள். பசியே இல்லாத எலிகள் விழுந்து விழுந்து தின்றன. காரணம் உப்பா, எண்ணெயா, மாவா என்று பிரித்துப் பிரித்துச் சோதித்து 2015-இல் வெளியிட்ட முடிவு இது: வெறும் கொழுப்புக்கும் அந்த மயக்கம் இல்லை, வெறும் மாவுச்சத்துக்கும் இல்லை. 35 சதவீதம் கொழுப்பு, 45 சதவீதம் மாவுச்சத்து என்ற கலவையில்தான் எலிகள் அதிகமாகத் தின்றன. குமுளிச் சட்டியிலிருந்து வெளியே வருவதும் கிட்டத்தட்ட அதே அக்கம்பக்கத்தில்தான் நிற்கிறது.

எலி எலிதான், மனிதன் மனிதன்தான் என்று நீங்கள் சொல்லலாம். மனிதர்களிடமும் 2018-இல் ஒரு சோதனை நடந்தது. ஒரே கலோரியுள்ள தின்பண்டங்களின் படங்களைக் காட்டி, இதற்கு எவ்வளவு காசு தருவீர்கள் என்று ஏலம் கேட்கச் சொன்னார்கள். கொழுப்பு மட்டும் மிகுந்ததற்கும் மாவுச்சத்து மட்டும் மிகுந்ததற்கும் கேட்டதைவிட, இரண்டும் சேர்ந்திருப்பதற்கு மக்கள் கூடுதலாகக் காசு கொடுக்க முன்வந்தார்கள். மூளையின் வெகுமதிப் பகுதியும் அதற்கே அதிகமாகக் கிளர்ந்தது. இயற்கையில் இந்த இரண்டும் ஒன்றாகக் கணிசமாகக் கிடைக்கும் பண்டம் அபூர்வம். தாய்ப்பால் அப்படிப்பட்ட ஒன்று. பழத்தில் சர்க்கரை உண்டு, கொழுப்பு இல்லை. கறியில் கொழுப்பு உண்டு, மாவு இல்லை. எண்ணெய்ச் சட்டி வந்த பிறகுதான் நாக்குக்கு இந்தச் சேர்க்கை தினசரி கிடைக்க ஆரம்பித்தது.

கம்பம் பள்ளத்தாக்கில் தின்பதற்கு என்ன பஞ்சம்? 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை இருக்கிறது. சின்னமனூர்ப் பக்கம் வாழை, போடிப் பக்கம் மா. ஆனாலும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கை திராட்சைப் பைக்குள் போவதில்லை, சிப்ஸ் பொட்டலத்துக்குள்தான் போகிறது. ஒரு கிலோ திராட்சையில் இருக்கும் கலோரியும் ஏறக்குறைய 130 கிராம் சிப்ஸில் இருக்கும் கலோரியும் ஒன்று. ஒரு கிலோ திராட்சையை ஒரே மூச்சில் தின்ன எந்த வயிற்றாலும் முடியாது, தண்ணீரே நிரப்பிவிடும். 130 கிராம் சிப்ஸை உத்தமபாளையம் வருவதற்குள் முடிக்காத ஆளை நான் பார்த்ததில்லை.

சரி, கொழுப்பும் மாவும்தான் காரணம் என்றால் நெய்ச்சோறு போதுமே. பொங்கல் போதுமே. பொங்கலுக்கு யாரும் 'வாய் நமநமங்குது' என்று சொல்லிக் கேட்டதில்லை. அந்தச் சொல் வேறொன்றைக் கேட்கிறது. எங்கள் அம்மாச்சி சாயங்காலம் நாலு மணி வாக்கில், "ஏதாச்சும் கொறிக்க இருக்கா? வாய் நமநமங்குது" என்பார். பசிக்கிறது என்று சொல்ல மாட்டார். மத்தியானச் சோறு அப்போதுதான் செரித்துக்கொண்டிருக்கும். கடிக்க வேண்டும், நொறுங்க வேண்டும், சத்தம் வேண்டும்.

தமிழில் இந்த வகைப் பண்டத்துக்கு வைத்த பெயரைப் பாருங்கள்: நொறுக்குத் தீனி. இனிப்பு, காரம், கெட்டது, நல்லது என்று எதையும் அது சொல்லவில்லை. பல்லுக்கிடையில் என்ன ஆகும் என்பதைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. ஆங்கிலக்காரன் இதைக் குப்பை என்று திட்டிப் பெயர் வைத்தான். நம்மவர்கள் சத்தத்தைக் கேட்டுப் பெயர் வைத்தார்கள். எனக்கு நம்மவர்கள் வைத்ததே அறிவியலுக்குக் கிட்டத்தில் வருவதாகப் படுகிறது.

ஏனென்றால், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் மாசிமிலியானோ சம்பீனியும் சார்லஸ் ஸ்பென்ஸும் இதைச் சோதித்து 2004-இல் கட்டுரை எழுதினார்கள். தன்னார்வலர்களை மைக் முன்னால் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, பிரிங்கிள்ஸ் சிப்ஸைக் கடிக்கச் சொன்னார்கள். எல்லாச் சில்லும் ஒரே அளவு, ஒரே வடிவம் என்பதால்தான் பிரிங்கிள்ஸ். கடிக்கும் சத்தத்தை அவர்கள் காதுக்கே திருப்பி அனுப்பும்போது, சிலசமயம் கூட்டினார்கள், சிலசமயம் குறைத்தார்கள், கீச்சென்ற உயர் அதிர்வெண்களை மட்டும் சிலசமயம் தூக்கிவிட்டார்கள். சத்தம் கூடியபோது "இது புதுசு, நல்ல மொறுமொறுப்பு" என்றார்கள் கடித்தவர்கள். குறைத்தபோது "இது பழசு" என்றார்கள். சிப்ஸ் என்னவோ ஒன்றுதான். 2008-இல் இந்த ஆய்வுக்கு இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். அது முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தருகிற விருது.

மொறுமொறுப்பு என்பது காய்ந்த மாவுச்சத்துச் சுவர்கள் உடைவது. தண்ணீர் வெளியேறிய துளைகளைச் சுற்றி மெல்லிய சுவர்கள் நிற்கின்றன. அவை கண்ணாடி போன்ற நிலையில் இருப்பவை. வளையாது, உடையும். ஒவ்வொரு சுவரும் உடையும்போது ஒரு குட்டிச் சத்தம். ஒரு கடியில் அப்படிப் பல சத்தம் அடுத்தடுத்து வரும். பாதி காற்று வழியாகக் காதுக்கு வருகிறது, பாதி தாடை எலும்பு வழியாக நேரே உள்காதுக்குப் போகிறது. அதனால்தான் பக்கத்துச் சீட்டுக்காரர் முறுக்குத் தின்னும் சத்தம் எரிச்சலாகவும், நாம் தின்னும் சத்தம் சங்கீதமாகவும் இருக்கிறது.

இந்தக் கண்ணாடிக்கு எதிரி ஈரம். கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் பிறந்தால் மேற்கே மலையிடுக்கு வழியாகக் காற்று கிளம்பும். கூடலூரிலும் கம்பத்திலும் சாரல் முகத்தில் அடிக்கும். அந்த மாதங்களில் தட்டில் வைத்த முறுக்கு பேச்சு முடிவதற்குள் நமுத்துப் போகும். நமுத்துப் போவது என்பது ஆறிப்போவதோ கெட்டுப்போவதோ இல்லை. மாவுச்சத்து காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறது. சில சதவீத ஈரம் ஏறினாலே போதும். தண்ணீர் மூலக்கூறுகள் மாவுச்சத்து இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றை நெகிழவிடுகின்றன. கண்ணாடியாக இருந்தது ரப்பராகிவிடுகிறது. உப்பு அதே உப்பு, எண்ணெய் அதே எண்ணெய், கலோரியில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் நமுத்த முறுக்கை யாரும் இரண்டாவது எடுப்பதில்லை. ஆசை எதில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அம்மாச்சி நமுத்த முறுக்கை வெயிலில் காயவைத்தோ, வெறும் இரும்புச் சட்டியில் லேசாகச் சூடு காட்டியோ மீண்டும் டின்னுக்குள் போடுவார். ஈரம் வெளியேறினால் கண்ணாடி திரும்பிவிடும் என்பதால் அது பலித்தது. எண்ணெய் சிக்கு வாசம் வந்துவிட்டால் மட்டும் எந்த வெயிலும் பலிக்காது. அது ஆக்சிஜன் பார்த்த வேலை. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. ஆக்சிஜன் பற்றிக்கொள்ள அதில் இடம் குறைவு. எல்லைக்கு அப்பால் அந்த எண்ணெயில் பொரிக்கும் வழக்கம் ருசிக்காக வந்திருக்கலாம். ஆனால் சிப்ஸ் நாள்பட நிற்பதற்கும் அதுவே துணை. கம்பெனிப் பாக்கெட்டுக்குள் நைட்ரஜன் அடைப்பதும் இதே ஆக்சிஜனை விரட்டத்தான். தேனியில் வாங்கிய பாக்கெட்டோடு போடிமெட்டு ஏறியிருக்கிறீர்களா? ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். வெளிக்காற்றின் அழுத்தம் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். உள்ளே அடைத்த வாயு அப்படியே இருப்பதால் பாக்கெட் பலூன் மாதிரி உப்பி நிற்கும். என் மகன் அதை உடைத்த சத்தத்தில் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

சத்தத்துக்கு அடுத்தபடியான தந்திரம் மிக்சரில் இருக்கிறது. ஒரே ருசியைத் திரும்பத் திரும்பத் தின்றால் நாக்கு அலுத்துப்போகும். வேறு ருசி வந்தால் விழித்துக்கொள்ளும். 1980-களின் தொடக்கத்தில் பார்பரா ரோல்ஸும் அவருடைய சகாக்களும் இதைக் காட்டினார்கள். ஒரே வகை சாண்ட்விச் கொடுத்தபோது தின்றதைவிட, நாலு வகை கொடுத்தபோது மூன்றில் ஒரு பங்கு அதிகமாகத் தின்றார்கள். நம் மிக்சரில் நாலா இருக்கிறது? ஓமப்பொடி, காராப்பூந்தி, நிலக்கடலை, பொட்டுக்கடலை, அவல், பொரித்த கறிவேப்பிலை, எங்கோ ஒளிந்திருக்கும் பூண்டுப் பல். ஒவ்வொரு பிடியும் வேறு கணக்கு. நாக்கு அலுக்கவே இடமில்லை. கடலையை மட்டும் பொறுக்கித் தின்கிற ஆள் வீட்டுக்கு ஒருவர் இருப்பாரே, மிக்சரை ஜெயித்தவர் அவர் ஒருவர்தான்; கடலை தீர்ந்ததும் நிறுத்திவிடுவார்.

சாயங்காலம்தான் ஏன் இந்த ஆசை? பழக்கம் ஒரு காரணம். தேனியில் பொழுது சாய்ந்ததும் பரோட்டாக் கடைக் கல்லில் கொத்தும் சத்தம் ரெண்டு தெருவுக்குக் கேட்கும். கேட்ட மாத்திரத்தில் வாயில் எச்சில் ஊறும். பழக்கத்துக்குக் கீழே உடம்பின் கடிகாரமும் இருக்கிறது. 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 12 பேரை மங்கிய வெளிச்சத்தில் நாள் நேரம் தெரியாமல் வைத்து, அவர்களுடைய பசியைக் கேட்டுக்கேட்டுக் குறித்தார்கள். எப்போது சாப்பிட்டார்கள், எப்போது தூங்கினார்கள் என்பதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும், உள்கடிகாரப்படி காலை எட்டு மணி வாக்கில் பசி அடிமட்டத்தில் இருந்தது. இரவு எட்டு மணி வாக்கில் உச்சத்துக்குப் போனது. இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள் மேலான ஆசையும் கூடவே ஏறியது. ராத்திரி சரியாகத் தூங்காவிட்டால் மறுநாள் இன்னும் மோசம்.

வேண்டும் என்பதும் பிடிக்கிறது என்பதும் மூளைக்குள் ஒன்றில்லை என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் 1980-களின் கடைசியில் எலிகளிடம் கண்டார். டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் அற்றுப்போன எலிகள் சாப்பாட்டைத் தேடிப் போகவே இல்லை. ஆனால் வாயில் சர்க்கரைத் தண்ணீரை விட்டால் பழையபடி சப்புக்கொட்டின. தேடவைப்பது டோபமைன், ருசிக்கவைப்பது வேறு. பாக்கெட்டின் அடிக்குப் போன பிறகு, உண்மையில் ருசி தெரியாமலே கை போய்க்கொண்டிருப்பது இதனால்தான். அப்போது வேண்டுதல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்குப் போய்க் குற்ற உணர்ச்சியில் புழுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. மன உறுதி இல்லாதவர் என்று பட்டம் கட்டிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை.

அதற்காகத் தின்றது கணக்கில் வராமல் போகாது. 100 கிராம் சிப்ஸில் ஏறக்குறைய 500 கிலோகலோரி. அதற்கு ஈடாக வேண்டுமானால் 400 கிராம் வடித்த சோறு சாப்பிட வேண்டும். வீட்டுப் பலகாரமாச்சே, கடைக்காரர் கண் முன்னாலேயே பொரித்தாரே என்பதெல்லாம் கலோரிக்குத் தெரியாது. ஆனால் கம்பெனிப் பாக்கெட்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். குமுளிச் சிப்ஸில் காய், எண்ணெய், உப்பு, மஞ்சள், அவ்வளவுதான். அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019-இல் வெளியிட்ட சோதனையில், 20 பேரை ஒரு மாதம் உள்ளேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய ஆலை உணவும் இரண்டு வாரம் சாதாரணச் சமையலும் கொடுத்தார்கள். இரண்டிலும் முன்னால் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு ஒன்றே, வேண்டியமட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு தின்ற நாட்களில் ஒரு நாளைக்குச் சுமார் 500 கிலோகலோரி கூடுதலாக உள்ளே போனது. இரண்டு வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ எடை கூடியது.

சட்டியில் கவனிக்க வேண்டியது எண்ணெயின் வயது. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் சிதைந்து, அதில் துருவச் சேர்மங்கள் சேரும். அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் விதி வைத்திருக்கிறது. கடைவாசலில் நிற்கும் நமக்குக் கருவி வேண்டாம்: எண்ணெய் கருத்து, பாகு மாதிரிக் கெட்டியாகி, பண்டம் எதுவும் போடாமலே நுரை கட்டினால் அந்தக் கடையை விட்டு நகர்ந்துவிடுங்கள். வடையைப் பேப்பரில் வைத்து அழுத்தினால் எண்ணெய் குறையும் என்பது உண்மைதான்; ஆனால் அது செய்தித்தாளாக இருந்தால் மை வடைக்கு ஏறும். அதையும் அதே ஆணையம் கூடாது என்கிறது.

வாரம் ஒருமுறை குமுளிக்கோ பரோட்டாக் கடைக்கோ போகிற ஆளாக இருந்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். தினமும் சாயங்காலம் என்றால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வழி சொல்லுங்கள் என்பவர்களுக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: டப்பாவோடு மடியில் வைத்துக்கொள்ளாமல், ஒரு கிண்ணத்தில் கொட்டி, டப்பாவை மூடி, உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். கை தேடும், எழுந்து போக உடம்பு யோசிக்கும்.

சாரல் மாதத்தில் குமுளியில் சிப்ஸ் வாங்கினால் கடைக்காரரிடம் பொட்டலத்தை நூறு நூறு கிராமாகப் பிரித்து, வாயை இறுக்கிக் கட்டித் தரச் சொல்லுங்கள். ஒன்றைப் பஸ்ஸில் பிரிக்கலாம். மீதி கூடலூர்க் காற்றில் நமுக்காமல் வீடு வந்து சேரும்.